"அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்ற ஆயுதம்

நான் படித்த பாலியல் புகார் மனுக்களில் கத்தியைக் காட்டி மிரட்டியதாக எழுதியிருப்பவை குறைவு. செல்போனைக் காட்டி மிரட்டியதாக எழுதியிருப்பவைதான் அதிகம். "உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்." "உங்க அண்ணன் நம்பர் என்கிட்ட இருக்கு." "ஊர் குரூப்புல போட்டா உங்க வீட்டுல யாரும் தலை நிமிர முடியாது." மகளிர் நீதிமன்றத்தில், பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு வழக்கறிஞருக்குத் துணையாகப் பல ஆண்டுகளாக ஆஜராகி வருகிறேன். ஊர் மாறுகிறது, ஆள் மாறுகிறான். மிரட்டல் மட்டும் மாறுவதே இல்லை.

இந்த மிரட்டலுக்கு வலு எங்கிருந்து வருகிறது? தான் செய்த குற்றத்தின் ஆதாரத்தையே கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குற்றத்துக்கு ஆளானவளை ஒருவன் மிரட்டுகிறான். அந்த வீடியோ வெளியே வந்தால் சிறைக்குப் போக வேண்டியவன் அவன், நடுங்குவதோ அவள். வீட்டிலும் தெருவிலும் முதல் கேள்வி யாரை நோக்கி வரும் என்பது இருவருக்கும் தெரியும். "அந்த நேரத்துல உனக்கு அங்க என்ன வேலை?" நாம் நாளைக்குக் கேட்கப்போகும் அந்தக் கேள்வியை நம்பித்தான் அவன் இன்றைக்குத் துணிகிறான்.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமைக் குற்றங்கள் முழுக்க இந்தக் கணக்கில்தான் நடந்தன. ஒரு கும்பல் பெண்களிடம் நட்பாகப் பழகுவது, வரவழைப்பது, வீடியோ எடுப்பது, அதைக் காட்டியே மறுபடியும் மிரட்டுவது. பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறக்காதவரை அந்தக் கும்பல் பயமில்லாமல் திரிந்தது. 2019 பிப்ரவரியில் கல்லூரி மாணவி ஒருவர் தனக்கு நடந்ததை வீட்டில் சொன்னார். அவருடைய சகோதரர் தேடிப் போனது அந்த ஆட்களை. அவர்களுடைய செல்போன் கைக்கு வந்த பிறகுதான் மற்றப் பெண்களின் வீடியோக்களும் தெரியவந்தன. அதற்குள் ஊரெல்லாம் "இவங்க ஏன் கார்ல ஏறினாங்க?" என்ற பேச்சு. போதாக்குறைக்கு, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியே சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாகவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளில் சாட்சிகள் எப்படிக் கரைந்துபோவார்கள் என்று அறிந்த எனக்கு, தண்டனையைவிட அந்த 48 என்ற எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 அன்று ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமையிலும் ஆயுதம் செல்போன்தான். நண்பருடன் இருந்ததை வீடியோ எடுத்திருக்கிறேன் என்று சொல்லித்தான் குற்றவாளி அவரை மிரட்டினான். அவன் போட்ட கணக்கு தப்பியது; மாணவி உடனே புகார் கொடுத்தார். ஆனால், பெயரும் முகவரியும் இருந்த முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. உடனே "ராத்திரியில் அங்கே ஏன் இருந்தாள்?" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த அறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவர் மீது பழி போடுகிறது என்றும் கண்டித்தது. 2025 ஜூன் 2-ல் தண்டனை வந்தது: 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறை. தாமதமில்லாத புகார் ஒரு வழக்கை எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லாப் பெண்களாலும் உடனே புகார் கொடுக்க முடிவதில்லை. அதற்கும் காரணம் நம்முடைய அந்த முதல் கேள்விதான். நான் ஆஜரான ஒரு வழக்கில், தாமதமாகப் புகார் கொடுத்த பெண்ணிடம் குறுக்கு விசாரணை நடந்தது. கதவு சாத்திய அறை. அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு போட்டோவை நீட்டினார். "சம்பவம் நடந்த அடுத்த வாரம் கோயில் திருவிழாவுல எடுத்தது. இதுல சிரிச்சுக்கிட்டு நிக்கிறது நீங்கதானே?" அந்தப் பெண் போட்டோவைப் பார்த்தாள். "ஆமா சார். சிரிக்கலேன்னா என்னாச்சுன்னு கேப்பாங்க" என்றாள். பதிலை அவள் சொன்ன வார்த்தையிலேயே பதிவு செய்யும்படி நீதிபதி தட்டச்சரிடம் சொன்னார்.

வீட்டுக்குப் பயந்து அவள் காத்த மௌனம், நீதிமன்றத்தில் "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று அவளுக்கே எதிராகத் திரும்புகிறது. பயமுறுத்தி வாயை அடைப்பதும் நாம்தான், வாய் திறக்கவில்லையே என்று சந்தேகப்படுவதும் நாம்தான். குர்மீத் சிங் என்பவர் மீதான வன்புணர்வு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டது: குடும்ப மானம் பற்றிய அச்சத்தால் புகார் தாமதமாகலாம், அதை மட்டும் வைத்து அவள் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது என்றது. நாம்தான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

"அப்போ பொண்ணுங்களுக்குப் பொறுப்பே வேண்டாமா? எச்சரிக்கையா இருன்னு சொல்றதுகூடத் தப்பா?" என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கவலை. என் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பஸ் ஏறியதும் லொக்கேஷன் அனுப்பு என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் எச்சரிக்கை சொல்ல வேண்டியது சம்பவத்துக்கு முன்னால். நடந்த பிறகு அதையே எடுத்து நீட்டினால் அது குற்றவாளிக்கு நாம் எழுதிக்கொடுக்கும் ஜாமீன் மனு. பூட்டாத வீட்டில் திருடினாலும் திருட்டுதான். கதவு திறந்திருந்தது என்பதற்காகத் திருடனை எந்த நீதிபதியும் விடுவிப்பதில்லை.

எச்சரிக்கையால் முழுப் பாதுகாப்பும் கிடைத்துவிடும் என்பதும் உண்மையில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021-ல் நாடு முழுவதும் பதிவான வன்புணர்வு வழக்குகள் 31,677. அவற்றில் நூற்றுக்கு 96-க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்: உறவினர், அக்கம்பக்கத்தார், நண்பர், வேலை கொடுத்தவர். இருட்டுக்கு முன்னால் வீடு திரும்பு, துப்பட்டாவைச் சரியாகப் போடு என்ற அறிவுரைகள் இவர்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றும்?

பொறுப்பைப் பற்றிப் பேசுவதென்றால், சுற்றியிருக்கும் நம் பொறுப்பையும் பேச வேண்டும். குற்றம் எந்தக் காவல் எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாங்க மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். அரசு மருத்துவமனை ஆனாலும் தனியார் ஆனாலும் காசு வாங்காமல் சிகிச்சை தர வேண்டும். அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். 181 என்ற உதவி எண் எந்நேரமும் உண்டு. இவற்றையெல்லாம் தெரிந்து செய்வது பாதிக்கப்பட்டவள் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரிடம் அவள் பயமில்லாமல் வர வேண்டும்.

அதனால் பெண் பிள்ளையைப் பெற்றவர்களை, முக்கியமாக அப்பாக்களைக் கேட்டுக்கொள்கிறேன். "எது நடந்தாலும், நீ எங்க இருந்தாலும், யார்கூட இருந்தாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணு. நான் உன்னைத் திட்ட மாட்டேன்" என்று மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் வைத்திருந்தால் போதாது, அவள் காதில் விழ வேண்டும். மகனிருந்தால் அவனும் பக்கத்தில் இருக்கட்டும். தப்பு செய்தவனிடம்தான் இந்த வீட்டில் கேள்வி கேட்பார்கள் என்று அவனுக்கும் தெரியட்டும். அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று ஒருவன் மிரட்டும்போது, "சொல்லிக்கோ" என்று உங்கள் மகளால் சொல்ல முடிய வேண்டும்.