எழுத்து வேறு, உடுப்பு வேறு!



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் கல்லுக்குப் பாலீஷ் போடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. போன பருவத்தில் நான் தமிழில் எழுதிய ஒரு கட்டுரையை, செங்கல்பட்டில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன். தாளில் அழகாகத்தான் இருந்தது. அந்தக் கோப்பைப் போனில் ஏற்றி, "அப்பா, நான் எழுதினது, கேளுங்க" என்று வாசிக்க விட்டேன். போனோ "எம், கே, எச்" என்று உளறியது. "என்னடா இது, எந்த ஊரு பாஷை?" என்று சிரித்தார் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் இதுதான். கடையில் அடித்தது பாமினி எழுத்துருவில். அதில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்! தமிழ் என்பது மேலே மாட்டிய சட்டை மட்டுமே. கழற்றினால் உள்ளே தமிழ் இல்லை.

பதிப்புத் துறையில் இதைப் பிரித்தே பேசுவார்கள். நாம் சொல்ல வந்தது உள்ளடக்கம். எழுத்துரு, அளவு, தடிப்பு எல்லாம் வடிவமைப்பு. "இது தலைப்பு, இது பத்தி" என்று குறித்து வைப்பது மார்க்-அப். அன்று அச்சுக்கோப்பவருக்காகக் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளிலிருந்து வந்த பெயர் அது. இணையப் பக்கத்திலும் அதே கதைதான். எது தலைப்பு என்று எச்.டி.எம்.எல். சொல்லும், 1996இல் வந்த சி.எஸ்.எஸ். அதற்கு உடுத்திவிடும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம் சாளுவன்குப்பத்து அதிரணசண்ட குகைக்கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே வடமொழிச் சுலோகங்களைத் தென்சுவரில் பல்லவ கிரந்தத்திலும் வடசுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். செய்தி ஒன்று, உடுப்பு இரண்டு!

"பிரிண்ட்ல நல்லா இருந்தா போதாதா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். போதாது. தாளோடு முடிந்துபோகும் எழுத்தைத் தேட முடியாது, இன்னொரு கணினியில் திறக்க முடியாது, கண் தெரியாதவருக்கும் படிக்காதவருக்கும் வாசித்துக் காட்ட முடியாது. தமிழக அரசே 2010இல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் ஏன் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

நம் மாணவர் மன்றத்துக்கு இரண்டே கோரிக்கை. அடுத்த மலருக்குக் கட்டுரைகளை யுனிகோடில் மட்டும் வாங்குங்கள். பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும் நண்பர்களே, தலைப்பைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவதோடு விடாமல், 'ஹெடிங்' ஸ்டைல் கொடுங்கள். பொருளடக்கத்தைக் கணினியே போட்டுத் தரும்.

என் கட்டுரையை மாற்றி மென்பொருளில் போட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிழை திருத்தினேன். இந்தத் தடவை போன் ஒழுங்காக வாசித்தது. அப்பா கடைசி வரைக்கும் கேட்டார். "இன்னொரு தடவை போடு" என்றார்.

– இரண்டாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல்