கல்யாணக் கேமராவுக்கும் கையிருப்பு வேண்டும்



முகூர்த்த மாதம் பிறந்தால் நம் கடைகளில் கல்யாணப் பட்டியல்கள் வந்து விழுகின்றன. ஐந்நூறு இலை என்று வீட்டார் சொன்னால், ஐம்பது இலைக்குக் கூடுதலாகச் சரக்கு எடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். பந்தி நடுவில் பருப்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டுத் திருமணத்துக்குப் போட்டோகிராபரைப் பேசும்போது மட்டும், "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் கையிருப்பு என்ன கொண்டு வருகிறார் என்று கேட்பதில்லை. இது சரியில்லை என்பது என் கருத்து. பேட்டரி கிரிப் என்ற ஒரு பொருளை வைத்து அதை விளக்க விரும்புகிறேன்.

பேட்டரி கிரிப் என்பது கேமராவின் அடிப்பகுதியில் திருகி மாட்டும் ஒரு பெட்டி. கேமராவில் ஒரு பேட்டரி இருக்கும் இடத்தில், இதை மாட்டினால் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் இருக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்கும்போது விரல் படும் இடத்தில் இன்னொரு பொத்தானும் பொதுவாக இருக்கும். மணமக்களைத் தலை முதல் பாதம் வரை நிற்க வைத்து எடுக்கும் படங்களுக்கு இது பெரிய உதவி. முழங்கையைத் தூக்கிக்கொண்டே மணிக்கணக்கில் நிற்கும் பிள்ளைகளின் தோளும் மணிக்கட்டும் என்ன பாடுபடும் என்பதை மூட்டை தூக்கிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது புதிய யோசனை அல்ல. 1982-ல் வந்த நிக்கான் எப்.எம்.2 என்ற பிலிம் கேமராவுக்கு ஒளியளக்க இரண்டு பொத்தான் பேட்டரி போதும். அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். அதன் அடியில் மாட்டும் மோட்டாருக்கு எட்டு பென்சில் செல் வேண்டும். பிளாஷுக்கு நான்கு செல் தனி. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் முகூர்த்தத்துக்கு முதல் நாள் நம் கடைகளுக்கு வந்து செல்லைப் பெட்டியாகவே வாங்கிப் போவார்கள். செல் தீர்ந்தால் பிளாஷ் நிற்கும், கேமரா நிற்காது.

இன்று நிலைமை வேறு. பேட்டரி தீர்ந்தால் கேமரா வெறும் பெட்டிதான். அதிலும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களில் திரை எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் மின்சாரம் அதிகம் செலவாகிறது. கேனான் கம்பெனி 2012-ல் கொண்டுவந்த 5டி மார்க் 3 கேமராவுக்கு ஒரு பேட்டரியில் 950 படம் என்று கணக்குச் சொன்னது. அதே கம்பெனி 2018-ல் கொண்டுவந்த கண்ணாடி இல்லாத இ.ஓ.எஸ். ஆர் கேமராவுக்கு, அதே இனப் பேட்டரியில் 370 படம் என்றது. விடாமல் எடுத்தால் இதைவிடக் கூடுதலாகவே வரும் என்றாலும், ஒன்றோடொன்று ஒப்பிட இந்தக் கணக்கு போதும். சோனி கம்பெனியும் 2013-ல் தன் ஏ7 கேமராவுக்கு 1020 மில்லி ஆம்பியர் பேட்டரி கொடுத்துவிட்டு, 2018-ல் ஏ7 மார்க் 3-க்கு 2280 மில்லி ஆம்பியர் பேட்டரிக்கு மாற்றிக்கொண்டது. தேவை இல்லாமல் எந்தக் கம்பெனியும் இரட்டிப்பாக்காது.

நம் திருமணத்தில் முதல் நாள் மாலை வரவேற்பு தொடங்கினால் மறுநாள் மதியப் பந்தி வரை படம் எடுக்க வேண்டும். மண்டபத்து மின்பிளக்குகளை விளக்குக்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் பிடித்துக்கொள்வார்கள். சார்ஜ் போட இடம் தேடும்போதே கெட்டிமேளம் கொட்டிவிடும். மாங்கல்யதாரணத்தை "இன்னொரு முறை கட்டுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

"சட்டைப் பையில் இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டால் போதாதா, கிரிப் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிக்கனமாக எடுப்பவருக்கு அது போதும். ஆனால் கேமராவை ஸ்டாண்டில் மாட்டியிருந்தால், அடியில் உள்ள தகடு பல கேமராக்களில் பேட்டரிக் கதவை மறைத்துவிடும். கழற்றி, மாற்றி, மறுபடி மாட்ட ஒரு நிமிடம் போய்விடும். கிரிப்பில் பேட்டரியைப் பக்கவாட்டிலோ பின்புறமோ எடுக்கலாம். சில கேமராக்களுக்கு வேகமும் கூடும். 2008-ல் வந்த நிக்கான் டி700 வினாடிக்கு 5 படம் எடுத்தது, எம்.பி.-டி10 கிரிப்பை மாட்டி எட்டு பென்சில் செல் போட்டால் 8 படம் எடுத்தது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கிரிப்பும் பேட்டரிகளும் சேர்ந்தால் கால் கிலோவுக்கு மேல் எடை கூடும். கிம்பலில் வைத்து வீடியோ எடுப்பவருக்கு அது பாரம்தான். திருகு தளர்ந்தாலோ இணைப்பு முனையில் தூசி படிந்தாலோ கேமரா திடீரென்று அணைந்துவிடும். எல்லாக் கிரிப்பும் ஒன்றல்ல. 2019-ல் நிக்கான் இசட் வரிசைக்கு வந்த எம்.பி.-என்10 கிரிப்பில் செங்குத்துப் பொத்தானே கிடையாது. கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. பெரிய கேமராவைப் பார்த்தால்தான் "இவர் கெட்டிக்காரர்" என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். அதற்காகவே கிரிப்பை மாட்டி, உள்ளே ஒற்றைப் பேட்டரியோடு வருபவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டி பெரிதாக இருந்தால் சரக்கு கூடுதல் என்று எண்ணும் வாடிக்கையாளரை நாம் தினமும் பார்க்கிறோம். நாமே அப்படி ஏமாறலாமா?

அடுத்தது டூப்ளிகேட். கம்பெனிக் கிரிப் பல ஆயிரம் ரூபாய். அதன் சாயலில் மலிவாகக் கிடைப்பதும் உண்டு. வெளிக்கம்பெனிப் பொருள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். சொந்தப் பெயர் போட்டு, பில்லும் உத்தரவாதமும் கொடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் பெயரை ஒட்டி விற்பதுதான் மோசடி. கேனான் எல்.பி.-இ6 பேட்டரி 2008-ல் 1800 மில்லி ஆம்பியர். அதே அளவுக் கூட்டில் 2130-ஐ எட்ட அந்தக் கம்பெனிக்கு 2020 வரை, பன்னிரண்டு ஆண்டு ஆனது. ஒருவர் பாதி விலையில் 3000 என்று அச்சடித்துக் கொண்டுவந்தால் வியாபாரி சந்தேகப்பட வேண்டாமா? இத்தகைய ரீசார்ஜ் பேட்டரிகளுக்கு நம் நாட்டில் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசலையும் வந்த சரக்கையும் தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

இதில் மளிகைக்கடைக்காரருக்கும் பங்கு உண்டு. பிளாஷுக்குப் பென்சில் செல் கேட்டு இன்றும் நம்மிடம்தான் வருகிறார்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போதுமான சாதாரண கார்பன் செல், பிளாஷுக்குத் தாங்காது. எதற்கு என்று கேட்டு ஆல்கலைன் கொடுங்கள். செல் அட்டையைக் கடை வாசலில் வெயில் படும்படி தொங்கவிடாதீர்கள். தேதி பார்த்து, பழைய சரக்கைத் தனியே ஒதுக்குங்கள். பத்து ரூபாய் லாபத்துக்குத் தேதி முடிந்த செல்லைத் தள்ளிவிட்டால், கெடுவது நம் கடையின் பெயர் மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் ஆல்பமும்தான்.

எனவே வணிக நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. போட்டோகிராபரைப் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு நாளுக்கும் போதிய பேட்டரி இருக்கிறதா? ஒரு கேமரா நின்றால் மாற்றுக் கேமரா உண்டா? படங்கள் ஒரே கார்டில் பதிகின்றனவா, இரண்டிலா? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் கிரிப் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவரை நம்பலாம். பிறகு அந்தக் கையிருப்புக்கு உரிய விலையைக் கொடுங்கள். நாமே மூடைக்கு மூடை கிடங்கு வாடகையும் வட்டியும் கணக்குப் பார்த்துத்தான் விலை வைக்கிறோம். அவர் பையில் இருக்கும் உபரிப் பேட்டரியும் அவருடைய கிடங்கு இருப்புதான். பேரம் பேசி அதைக் குறைத்தால், அவர் நஷ்டத்துக்கு வேலை செய்யமாட்டார். இருப்பைக் குறைத்துக்கொண்டு வருவார். அந்தக் குறை முகூர்த்த வேளையில்தான் தெரியும்.