டயருக்கும் வயசு உண்டு

2019 மே மாதம், கத்திரி வெயில். சேலையூரிலிருந்து ஒரு குடும்பத்தை என் வேனில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர், பொங்கல் பானை, அரிசி மூட்டை, வாழைத்தார். முதல் மொட்டை போடவேண்டிய குழந்தை முன் சீட்டில் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பரனூர் டோல் தாண்டி, படாளம் வருவதற்குள் பின்பக்க இடது டயர் வெடித்தது.

கோணியை இழுத்துக் கிழித்தாற்போல ஒரு சத்தம். அடுத்த நொடி வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாளே சொன்ன பாடம் அன்று காப்பாற்றியது: "டயர் போச்சுன்னா பிரேக்கை மறந்துடு." ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் தானாகக் குறைந்த பிறகே இடதுபக்கம் ஒதுக்கினேன். பதற்றத்தில் பிரேக்கை மிதித்திருந்தால் வண்டி சுற்றியிருக்கும். குழந்தை விழிக்கவே இல்லை. எனக்குத்தான் அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

வெடித்த டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேல்வரிகள், புத்தம்புதுசாக இருந்தது. முந்தின நாள் ஒரகடத்தில் ஆணி ஏறியதால் கழற்றிய டயருக்குப் பதிலாக நான் மாட்டிய ஸ்டெப்னி அது. ஆறு வருஷமாக வண்டிக்கு அடியில் தொங்கியே கிடந்தது. ஒரு நாளும் ரோட்டில் ஓடவில்லை. படாளத்தில் பஞ்சர் கடைப் பெரியவர் பக்கவாட்டுச் சுவரை விரலால் வளைத்துக் காட்டினார். முடி முடியாக வெடிப்பு. "டயரு புதுசுதான் தம்பி, ரப்பரு கிழடு" என்றார். பிறகு ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைத் தொட்டுக் காட்டினார்: 0813. 2013ஆம் வருஷம், எட்டாவது வாரம். அதுதான் அந்த டயர் பிறந்த தேதி. இருபது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியவன் நான். அதுவரை அந்த எண்ணைப் படிக்கத் தெரியாது.

அன்றிலிருந்து தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று எங்கே சவாரிக்குப் போனாலும் அடுக்குமாடிகளின் கீழே நிற்கிற கார்களின் டயரைப் பார்க்கிறேன். ஆபீசுக்கு மின்சார ரயிலிலோ கம்பெனி பஸ்ஸிலோ போகிறவர்களின் கார்கள் அவை. வாரம் முழுக்க வெயிலில் நிற்கும். ஏழு வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. பட்டன் அப்படியே இருக்கும், சுவரில் வெடிப்பு ஓடியிருக்கும். அந்தக் காரில்தான் போகி அன்று விடிகாலை அப்பா, அம்மா, பிள்ளைகள், பெட்டிகள், மேலே கேரியர் என்று ஏற்றிக்கொண்டு 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற திருநெல்வேலிக்குக் கிளம்புகிறார்கள். நிற்கிற வண்டியின் டயர் தேயாது, ஆனால் கெடும். வெயிலும் காற்றும் ரப்பரின் நெகிழ்வை நாளுக்கு நாள் எடுத்துவிடும். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு சுற்றுலா போகிறவர்களுக்கும் இதே கதைதான் நடக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்த டிரெய்லர் கொல்லையில் நிற்கும். அதன் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நிறுத்தி வைக்கும்போது டயருக்குத் துணி உறை போட்டு மூடுகிறார்கள்.

எத்தனை வருஷம் தாங்கும்? ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை வைத்துச் சோதியுங்கள், பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள் என்பது டயர் தயாரிப்பாளர்கள் பலர் சொல்வது. ஆறு வருஷத்திலேயே மாற்றச் சொல்கிற கார் கம்பெனிகளும் உண்டு. சென்னை வெயிலுக்கு என் கணக்கு ஐந்து, ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

வயசுக்கு அடுத்தது காத்து. "வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் குறைச்சே போடுங்கண்ணே" என்று இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் சொல்கிறார்கள். இந்த ஒரு நம்பிக்கை எத்தனை டயரைக் கொன்றிருக்கும் என்று நினைக்கவே வேதனையாக இருக்கிறது. காத்து குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி எழும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சுடுமே, அதுதான் டயர் சுவருக்குள் நடக்கிறது. பாரம் ஏற ஏற சூடும் ஏறும். சூட்டில் அடுக்குகள் பிரிந்து ஒரு கட்டத்தில் கிழிந்துவிடும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காத்து என்று அதில் போட்டிருக்கும், பெரும்பாலும் முழுப் பாரத்துக்குத் தனியாகவே. அந்த அளவை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பிடிக்கவேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அது இயல்பு, திறந்துவிடக் கூடாது. காத்துக்குக் காசு கிடையாது, பங்குகளில் இலவசமாகவே தரவேண்டும் என்பது விதி.

இவ்வளவு தெரிந்த பிறகும் டயர் வெடித்தால் "விதி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். புனேயிலிருந்து மும்பை போன ஒரு கார் 2010 அக்டோபரில் டயர் வெடித்துப் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். அது தெய்வச் செயல், நாங்கள் பணம் தர வேண்டியதில்லை என்று வாதாடியது காப்பீட்டு நிறுவனம். 2023இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டயர் வெடிப்பது இயற்கைச் சீற்றம் அல்ல, மனிதனின் கவனக்குறைவு என்று சொல்லி, அந்தக் குடும்பத்துக்குச் சுமார் 1.25 கோடி ரூபாய் தரச்சொன்ன உத்தரவை உறுதிசெய்தது. படாளத்தில் அன்று ஏதாவது ஆகியிருந்தால் அந்தக் கவனக்குறைவு என்னுடையது. அதை நான் மறக்கவில்லை.

வேன் வாடகைக்கு எடுக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஏசி இருக்கா, புஷ்பேக் சீட்டா, டிவி ஓடுமா என்று போனில் விசாரிக்கிறீர்கள். டயர் எந்த வருஷத்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. தகுதிச் சான்றான எஃப்சிக்குப் போகும்போதும் பட்டன் ஆழம்தான் பேச்சு. காருக்கும் வேனுக்கும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் என் ஸ்டெப்னி அன்று அதில் முதல் மார்க் வாங்கியிருக்கும். வயதையும் பார்க்கச் சட்டம் வேண்டும். அது வரும்வரை ஏறுகிறவர்கள் குனிந்து பார்த்தால் போதும், என்னைப் போன்ற ஓனர்கள் மாற்றிவிடுவோம்.

வெடித்தபின் நிற்கிற இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து தெற்கே போகிற இந்த ஜிஎஸ்டி ரோட்டில் முதல் விபத்தைவிட, நிற்கிற வண்டியின் மேல் பின்னால் வருகிற லாரி ஏறுகிற இரண்டாவது விபத்துக்கே நான் அதிகம் பயப்படுகிறேன். எல்லோரையும் இடதுபக்கமாக இறக்கி, ரோட்டைவிட்டு நன்றாகத் தள்ளி நிற்கவையுங்கள். வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம். நன்றாகப் பின்னால் தள்ளி முக்கோண எச்சரிக்கைப் பலகையை வையுங்கள். இரவில் ரோட்டுப் பக்கத்து டயரைக் கழற்றவே வேண்டாம். 1033க்குப் போன் செய்தால் நெடுஞ்சாலை உதவி வண்டி வரும். நம் ஆட்கள் வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டு, சுற்றிலும் கல்லை அடுக்குவார்கள். வேலை முடிந்ததும் கிளையையும் கல்லையும் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். இருட்டில் அந்தக் கல்லில் ஏறி விழுந்த ஒரு பைக்காரப் பையனைச் சிங்கப்பெருமாள் கோவில் அருகே நானே தூக்கி உட்காரவைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு முன் மூன்று நாள், பெருங்களத்தூரிலிருந்து பரனூர் வரை தென் சென்னையே ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த மூன்று நாளும் டோலுக்கு முன்னால் ஒரு ஓரத்தில் ஒரு கம்ப்ரஸர், சரியான கேஜ் இரண்டு, டயர் பார்க்கத் தெரிந்த நாலு பேர் இருந்தால் போதும். நெடுஞ்சாலை ஆணையமும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்தால் இது ஒரு வாரத்து வேலை. அந்தச் சாலையைச் சுற்றி டயர் தொழிற்சாலைகளே இருக்கின்றன. ஒரகடத்திலும் உண்டு, ஸ்ரீபெரும்புதூரிலும் உண்டு. அவர்களும் ஆள் அனுப்பலாம். சம்பளம் வேண்டாம், சேலையூர் வேன் ஸ்டாண்டிலிருந்து நாங்களே மூன்று பேர் வரத் தயாராக இருக்கிறோம். கேஜ் எங்களிடமே இருக்கிறது.