அறவியல் படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கல்லூரித் தோழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ‘அறவியல் படிக்கணும் தோழர், ஆரம்பநிலைக்கு எது நல்லது?’ இணையத்தில் தேடினால் முதலில் வருவது டிராம் வண்டிப் புதிர். தண்டவாளத்தில் ஐந்து பேர், பக்கத்துத் தடத்தில் ஒருவர், உங்கள் கையில் விசை. 1967இல் பிலிப்பா ஃபூட் என்கிற தத்துவ ஆசிரியர் கிளப்பிவிட்டது. கெட்டிக்காரத்தனமான புதிர்தான். ஆனால் அதைப் படிக்கிற எல்லோரும் தன்னை விசைக்குப் பக்கத்தில்தான் நிறுத்திக்கொள்கிறோம். கட்டிப்போடப்பட்டவர் யார், அவரைக் கட்டியது யார் என்று அந்தப் புதிர் கேட்பதே இல்லை.

நம்மூர்ப் பாடம் வேறு. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரப்போன நரிக்குறவர் பெண் ஒருவர் எழுப்பி அனுப்பப்பட்டார். கைக்குழந்தைக்காரர். அவர் பேசிய காணொளி தமிழ்நாடு முழுக்கப் போனது. அடுத்த சில நாட்களில் அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவர் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கை சோற்றுக்கு அமைச்சர் துணைக்கு வர வேண்டும் என்றால், அங்கே பரிமாறப்பட்டதற்கு என்ன பெயர்?

நாம் விரட்டியவரைத் திட்டினோம், அமைச்சரைப் பாராட்டினோம். இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிப் பேசவே இல்லை. அவர்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் நல்ல அப்பா, தெருவில் நல்ல அண்ணன். சாதிச் சமூகத்தில் ஒருவரின் நல்ல குணம் சாதி எல்லையோடு நின்றுவிடுகிறது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் சொன்னது இவர்களைப் பற்றித்தான். நம்மைப் பற்றியும்தான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அன்றைக்கு நரிக்குறவர்கள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டுமே. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆனது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது.

இதே வட்டாரத்தில்தான் காரணையும் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆங்கிலேய அரசு ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம், மற்றவர்கள் கைக்குத்தான் போனது. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

சோறு கேட்டால் ‘போ’ என்கிறார்கள். நிலம் கேட்டால் துப்பாக்கி வருகிறது. தானம் என்பது கொடுக்கிறவனின் மனசைப் பொறுத்தது, எப்போது வேண்டுமானாலும் கையை இழுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் நிலத்தை வளைத்துப் போட்டவன் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்துப் புண்ணியவானாகவும் இருக்க முடியும், நம் ஊரில் அதற்கு எந்தத் தடையும் இல்லை. (பள்ளியில் நீதிபோதனை வகுப்பு என்று ஒன்று இருந்தது. பெரும்பாலும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். பெரிய நட்டமில்லை.)

புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை தோழர். ‘சாதி ஒழிப்பு’ சின்ன நூல்தான், இந்த வாரமே முடித்துவிடலாம். அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணத்தில் எச்சில் இலை எடுத்தவர்கள் எங்கே உட்கார்ந்து, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள்? அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.