செத்த பவளமும் ஆயிரம் பொன்

பவளப்பாறைன்னு தேடிப் பாருங்க. பளிச்சுனு வெயில், நீலத்தண்ணி, கோமாளி மீன், பக்கத்துல ஒரு ஸ்நார்க்கல் ஆசாமி. இதைத் தாண்டி எதுவும் வராது. அதனால நார்வேல, ஆர்க்டிக் வட்டத்துக்குள்ள, வெளிச்சமே எட்டாத 300-400 மீட்டர் ஆழத்துல, கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பவளத்திட்டு இருக்குன்னு சொன்னா, யாரும் சட்டுனு நம்ப மாட்டேங்கிறாங்க. லொஃபோட்டன் தீவுகள் பக்கம் இருக்கற ரோஸ்ட் திட்டு அது. அதைக் கண்டுபிடிச்சதே 2002லதான். நிலாவுல நடந்துட்டு வந்து 33 வருஷம் கழிச்சு!

இதைக் கட்டுற பவளத்துக்கு லொஃபீலியான்னு பேர். (இப்ப வேற பேரினத்துல சேர்த்துட்டாங்க, ஆனா பழகின பேரு சுலபமா போக மாட்டேங்குது.) வெப்பக்கடல் பவளம் மாதிரி உடம்புக்குள்ள பாசி வெச்சு வெயில்ல சமைச்சுச் சாப்பிடற கதை இங்கே கிடையாது. நீரோட்டத்துல வர்றதைப் புடிச்சுத் தின்னு, வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கம்தான் வளரும். நார்வேலயே இருக்கற சூலா திட்டுக்கு வயசு 8,000 வருஷத்துக்கு மேல.

சரி, நான் சொல்ல வந்தது பவளத்தைப் பத்தி இல்லை. அதுல குடித்தனம் பண்ற சிப்பிகளைப் பத்தி.

அசெஸ்டா எக்ஸ்கவேட்டான்னு ஒரு சிப்பி. உள்ளங்கையை விடப் பெரிசா வளரும். ஓடு வெளுப்பு, உள்ள சதை செம ஆரஞ்சு. அவ்வளவு இருட்டுல யாருக்காக இந்தக் கலரோ தெரியலை :-) நூல் மாதிரி ஒண்ணைச் சுரந்து பவளக் கிளையில கட்டிக்கிட்டு, தண்ணிய வடிகட்டிச் சாப்பிட்டுட்டுத் தொங்கும். இதையும் நிம்மதியா விடுறதில்லை. சில மில்லிமீட்டர் மட்டுமே இருக்கற ஒரு ஒற்றைச் செல் உயிரி அதோட ஓட்டுல ஓட்டை போட்டு உள்ள இருக்கறதை உறிஞ்சும். அதுக்கு நார்வே புராணத்து அரக்கி ஹைரோக்கின் பேரை வெச்சிருக்காங்க. சரியான பேரு! இது போக ஓட்டோட ஓடா ஒட்டிக்கற குட்டிச் சிப்பிகள், கண்ணாடி மாதிரி ஸ்காலப், பவளத்தையே தின்னுற நத்தைன்னு ஒரு ஊரே இருக்கு.

இதுல முக்கியமான விஷயம், இந்த ஊர்ல பெரும்பாலானவங்க குடியிருக்கறது செத்த பவளத்துல. உயிரோட இருக்கற பவளம் மேல எதுவும் லேசுல ஒட்ட முடியாது. கொட்டும், கோழையை விடும், நீந்தி வர்ற சிப்பிக் குஞ்சைத் தின்னுடும். திட்டோட மேல் விளிம்புலதான் உயிருள்ள பவளம். அதுக்குக் கீழே மீட்டர் கணக்குல செத்த எலும்புக்கூடு. அங்கதான் சந்து, பொந்து, நிழல், காலி இடம். எங்க தொழில்ல 'டெட் கோட்'னு ஒண்ணு சொல்வோம். யாரும் கூப்பிடறதே இல்லைன்னு அழிச்சா, மாசக்கடைசில சம்பளப் பட்டியல் வராது. அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க.

இப்ப சட்டத்துக்கு வருவோம். வடகிழக்கு அட்லாண்டிக் மீன்வள ஆணையம் சர்வதேசக் கடலுக்கு 2014ல ஒரு விதி போட்டுது. இழுவைமடியில ஒரு தடவைக்கு 30 கிலோவுக்கு மேல "உயிருள்ள" பவளம் வந்தா, கப்பல் ரெண்டு கடல் மைல் தள்ளிப் போகணும். நல்ல விதி மாதிரி தெரியுதுல்ல? எனக்கு அந்த "உயிருள்ள"ங்கற வார்த்தையிலதான் கோபம் வருது. வலையில 300 கிலோ செத்த பவளமும் அதுல தொங்கின சிப்பியும் வந்தா, விதிப்படி பவளக் கணக்கு பூஜ்யம். ஊரையே இடிச்சுட்டு, மொட்டை மாடில ஆள் இருந்தாங்களான்னு மட்டும் எண்ணுற கணக்கு இது. அந்த 30 கிலோவும் வலையில தங்கினாத்தானே? உடைஞ்சு கடலடியிலயே கிடக்கறதை எந்தத் தராசுல வைப்பாங்க?

"வளர்ந்துடும் சார்"னு சொல்றவங்களுக்கு, மேல சொன்ன வளர்ச்சி வேகத்தை இன்னொரு தடவை படிங்க.

நார்வேல இந்தப் பிரச்சினையை முதல்ல கத்திச் சொன்னதுல, கயித்துல தூண்டில் கட்டிப் போடுற மீனவங்க பங்கு பெரிசு. இழுவைமடி போன இடத்துல தங்களுக்கு மீன் குறைஞ்சுபோச்சுன்னாங்க. அதுக்கப்புறம் கேமரா இறக்கிப் பார்த்து 2002ல ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீடு: நார்வே பவளத்திட்டுகள்ல 30 முதல் 50 சதவீதம் சேதம் அல்லது பாதிப்பு. அரசாங்கம் 1999லயே சூலாவை இழுவைமடிக்கு மூடிடுச்சு, 2003ல ரோஸ்டையும். ஐரோப்பிய யூனியன் 2016ல 800 மீட்டருக்குக் கீழே இழுக்கக் கூடாதுன்னுது. லொஃபீலியா திட்டுகள் பல அதை விட மேலயே இருக்கே! அப்புறம் 2022லதான் 400-800 மீட்டருக்கு நடுவுல 87 இடங்களை மூடினாங்க. மூடின இடத்துல எல்லாத்துக்கும் பாதுகாப்பு, செத்ததுக்கும்தான். அதனால எடை போடுற விதியை விட, கோடு போட்டு மூடுறதே மேல்னு நினைக்கிறேன்.

இழுவைமடியை நிறுத்தினாலும் இன்னொரு வில்லன் பாக்கி. கடல் அமிலமாயிட்டே வருது. உயிருள்ள பவளம் தன் சதையால எலும்பை மூடிக் காப்பாத்திக்கும். செத்ததுக்குப் போர்வை கிடையாது. அது முதல்ல புரையோடும். ஆய்வாளர்களே இதை நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கு வர்ற எலும்புப்புரையோட ஒப்பிட்டு எழுதியிருக்காங்க. மேல பவளம் பூ மாதிரி உயிரோட இருக்கறப்பவே அடித்தளம் பொடியாகலாம். அன்னிக்கும் "உயிருள்ள பவளம்" கணக்கெடுப்புல மார்க் நல்லாத்தான் இருக்கும், சிப்பிக்குத்தான் தொங்க இடம் இருக்காது.

விதியில அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டு, வலையில வந்த பவளம் அத்தனையும் எடை போடுங்க. கூட வந்த சிப்பியையும் எண்ணி எழுதுங்க. இதுக்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், கப்பல்ல இருக்கற அதே தராசு போதும்.