மூணு தலைமுறைக் கணக்கு

காட்டு விடுதிகளில் அதிகம் விலைபோகிற சரக்கு புலியும் இல்லை, யானையும் இல்லை. ‘பாரம்பரியம்’ என்கிற சொல்தான். தாத்தா கட்டிய பங்களா, அப்பா நட்ட மரம், இப்போது பேரன் நடத்துகிறார். சுவரில் கறுப்புவெள்ளைப் படங்கள். “இது ஓட்டல் இல்லைங்க, எங்க வீடு” என்று சொல்லிச் சாப்பாடு போடுவார்கள். நாமும் உருகிவிடுகிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: இந்தத் தலைமுறைக் கணக்கை எங்கிருந்து எண்ண ஆரம்பிச்சீங்க?

இந்த மோகத்துக்கு மூல மாதிரி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கென்யாவின் அபெர்டேர் காட்டில் 1932-இல் எரிக் ஷெர்புரூக் வாக்கரும் அவர் மனைவியும் ‘ட்ரீடாப்ஸ்’ என்ற மரவீட்டு விடுதியைக் கட்டினார்கள். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே தங்கிய இரவில்தான் அவருடைய தந்தை இறந்தார். மரத்தில் ஏறியவள் இளவரசி, இறங்கியவள் ராணி என்று இன்றுவரை கதை விற்கிறது. அன்றைக்குக் கூடவே இருந்தவர் நம்ம குமாவுன் ஜிம் கார்பெட். 1954-இல் அதே விடுதியை மாவ் மாவ் போராளிகள் கொளுத்தினார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் கதைசொல்லியின் குரல் தணிந்துவிடும். பெரும்பாலும் கிக்குயு மக்கள் அவர்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுடைய தலைமுறைக் கணக்குக்கு அந்தச் சுவரில் இடம் இல்லை.

கென்யா தூரம். நீலகிரிக்கு வருவோம். மணவாள நகரில் எங்கள் பக்கம், வாரக் கடைசி ஷிப்ட் முடிந்த கையோடு நாலு பேர் சேர்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு மசினகுடிக்குக் கிளம்புவது சாதாரணம். கம்பெனிச் சத்தத்திலிருந்து இரண்டு நாள் தப்பிக்க ஆசைப்படுவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. போய் இறங்குகிற இடம் என்ன இடம் என்பதுதான் என் பிரச்சினை.

மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா எல்லாம் சீகூர் பீடபூமியில் இருக்கின்றன. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்தான வடசரிவு, மறு பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே போய்வரும் யானைகளுக்கு இடையில் கிடைப்பது இந்த ஒடுக்கமான நிலம்தான். கூட்டத்தை நடத்திப்போவது மூத்த பெண் யானை. வழியும் தண்ணீர் இருக்கும் இடமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இதுவும் தலைமுறைக் கணக்குதான். பட்டா மட்டும் இல்லை.

அந்த வழியில்தான் அறைகள் முளைத்தன, கூடவே வேலிகளும் முளைத்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. மேல்முறையீடு. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 27 விடுதிகள் பூட்டப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. அப்போதும் நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு வந்தது. தீர்ப்பு வந்து மூன்று மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஆண் யானை மீது எரிகிற டயரை எறிந்தார்கள். அந்த மாதமே அது செத்தது. வீடியோவை நாம எல்லாரும்தான் பார்த்தோம், பகிர்ந்தோம், அடுத்த மாதம் அறை தேடினோம்.

“பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைய விட்டுட்டாங்க, பாவம்” என்று விடுதிகளுக்காகப் பேசுகிறவர்களிடம் கேட்கிறேன்: பத்து வருஷம் அலையக் கிடைப்பதே ஒரு வசதி இல்லையா?

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் ஏராளம். சமவெளி இருளர்களில் பலருக்குப் பாம்பு பிடிப்பதும் தோல் விற்பதும் பிழைப்பாக இருந்தது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அந்தத் தோல் வணிகம் முடிந்தது. சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பாம்பும் வாழணும். ஆனால் அவர்களுடைய ஆட்சேபத்தைக் கேட்க எந்தக் குழுவும் உட்காரவில்லை. 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில நூறு பேருக்குத்தான் கைகொடுத்தது. காட்டோடு எத்தனை தலைமுறை உறவு என்று ஒரு இருளர் பெரியவரிடம் யாராவது கேட்டிருக்கிறோமா? அவரிடம் வரவேற்பறை இல்லை. மாட்டிவைக்கச் சுவரும் இல்லை. அதனால் அவருடையது ‘பாரம்பரியம்’ ஆவதில்லை, ‘ஆக்கிரமிப்பு’ ஆகிவிடுகிறது.

விடுதிகளால் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் காட்டையே வீடாகக் கொண்டிருந்தவர் அதே காட்டில் அறை பெருக்குகிறார், ஜீப் ஓட்டுகிறார் என்றால், அதைக் கொடை மாதிரி சொல்ல வேண்டாமே.

காட்டில் வாழ்ந்த எல்லாக் குடும்பங்களும் இப்படியா என்றால், இல்லை. வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் அதே சீகூர்ப் பக்கம் ‘சீத்தல் வாக்’ என்ற வீட்டில் வாழ்ந்தவர். யானைகள் போகும் வழிகளை நடந்து ஆராய்ந்து எழுதினார். 1975-இல் அவர் செய்த வரையாடு ஆய்வை நினைவுகூர்ந்துதான் தமிழ்நாடு அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக வைத்திருக்கிறது. அவர் காட்டைப் பார்த்தார், எழுதினார்.  காட்டின் மேல் ஆசை இருப்பதும், அந்த ஆசைக்குக் கட்டணம் வசூலிப்பதும் வேறு வேறு.

ஆகவே, காட்டுக்கே போகாதீங்க என்பதல்ல என் கட்சி. வழித்தடத்தில் படுத்துத் தூங்காதீங்க, அவ்வளவுதான். வனத்துறை வண்டியில் ஏறிப் பாருங்க, திரும்பி வாங்க. ‘ஜன்னலைத் திறந்தா யானை’ என்று விளம்பரம் வந்தால், ஜன்னலுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேளுங்க. விருந்தாளி என்றால் யாராவது அழைத்திருக்க வேண்டும். சீகூரில் நம்மை அழைப்பது விடுதிக்காரர் மட்டும்தான். அந்த நிலத்துக்கு அவரைவிட மூத்தவர்கள் யாரும் நம்மைக் கூப்பிடவே இல்லை.