லேசிக்: கருவிழியின் தடிமன் சரியாக இருந்தால் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்குபவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். பவர் கண்ணாடி போட்டவருக்கு ஷாப் ஃப்ளோரில் அது தனித் தொல்லை. மாஸ்க் போட்டால் ஆவி படியும், வியர்த்தால் நழுவும், அதன்மேல் சேஃப்டி கண்ணாடி மாட்டினால் மூக்கு வலிக்கும். இந்த நிலையில் செல்போனில் லேசிக் விளம்பரம் வந்தால், "போனஸ் வந்ததும் பண்ணிடலாம்" என்று தோன்றுவது இயல்புதான். செலவு பெரும்பாலும் சொந்தப் பணம். காரணம், 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறையைச் சரிசெய்யும் செலவு, ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

லேசிக் ஆபத்தான சிகிச்சை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் எஃப்டிஏ முன்னின்று நடத்திய ஆய்வுகளில், சிகிச்சை பெற்றவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றே சொன்னார்கள். மீதி இருப்பவர்களில் மிகச் சிலருக்கு வரும் ஒரு பிரச்சினைதான் கண் மருத்துவர்களைக் கவலைப்பட வைக்கிறது: கருவிழி பலமிழந்து முன்னால் பிதுங்குவது. இதை எக்டேசியா என்கிறார்கள். வெவ்வேறு ஆய்வுகளில் இதன் அளவு, ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதிலிருந்து ஆறு பேர் வரை போகிறது.

சீவப்படுவது எது?

இந்த லேசர் கதையில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1981-இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல், தொட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டது. இன்று கருவிழியைச் செதுக்குவது அதே 193 நானோமீட்டர் கதிர்தான்.

கருவிழி வெறும் லென்ஸ் அல்ல, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் சுவரும் அதுதான். கொலாஜன் இழைகள் அடுக்கடுக்காகப் பின்னி அதற்குப் பலம் தருகின்றன. முன்பக்க அடுக்குகளில் பின்னல் நெருக்கம், பின்னால் போகப் போகத் தளர்வு. லேசிக்கில் முதலில் ஒரு மெல்லிய மூடி வெட்டித் தூக்கப்படும். அடியில் லேசர் செதுக்கியதும், மூடி திரும்ப வைக்கப்படும். பார்க்க ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்தாலும், பாரம் தாங்கும் வேலையை அந்த மூடி பழையபடி செய்வதில்லை. ஆக, கணக்கில் கழிவது செதுக்கிய அளவு மட்டுமல்ல, மூடியின் தடிமனும் சேர்த்து.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சராசரிக் கருவிழி நடுவில் சுமார் 540 மைக்ரான். மூடி 110 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 6.5 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டர் பவரைக் குறைக்க ஏறக்குறைய 14 மைக்ரான் சீவ வேண்டும். மைனஸ் 5 பவர் என்றால் 70. மூடியையும் கழித்தால் 360 மைக்ரான் மிஞ்சும், பயமில்லை. அதுவே 500 மைக்ரான் கருவிழி, மைனஸ் 8 பவர் என்றால்? மிஞ்சுவது சுமார் 277. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்ற பழைய விதிப்படி இவர் பாஸ். ஆனால் மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கை வைத்தால் ஆபத்து கூடுகிறது என்று 2014-இல் வந்த ஆய்வு காட்டியது. இவருக்கு அது 45 சதவீதத்தை நெருங்குகிறது. ஒரே கண், ஒரு விதியில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில்.

ஒரே கேஜ், வேறு பலம்

இதைவிட முக்கியமான விஷயத்தை, பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே கேஜ் தகடு இரண்டை எடுத்தால், இரண்டும் ஒரே பலத்தில் இருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கருவிழியும் அப்படித்தான். 540 மைக்ரான் இருந்தும் உள்ளே இழைப் பின்னல் பலவீனமாக இருக்கலாம். கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோயின் தொடக்க நிலை அது. பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் தலைகாட்டும், அதாவது லேசிக் செய்துகொள்ள ஆசைப்படும் அதே வயதில். தூசி அலர்ஜியால் கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கம் இதைக் கூட்டும். தொடக்கத்தில் வலியோ சிவப்போ இருக்காது. பவர் மட்டும் அடிக்கடி மாறும், சிலிண்டர் பவர் ஏறும். அப்படிப்பட்ட கண்ணில் லேசிக் செய்தால் எக்டேசியா வரும் வாய்ப்பு பல மடங்கு.

இதனால்தான் பென்டாகாம் போன்ற கருவிகள் கருவிழியின் முன், பின் இரு பரப்புகளையும் வரைபடமாக எடுக்கின்றன. கார்விஸ் என்ற கருவி ஒருபடி மேலே போய், காற்றை ஊதி, கருவிழி எப்படிக் குழிந்து மீள்கிறது என்று படம் பிடிக்கிறது. பலத்தை நேரடியாகச் சோதிக்கும் முயற்சி இது. இவற்றைப் பார்த்து ஒரு மருத்துவர் "உங்களுக்கு லேசிக் வேண்டாம்" என்றால், இன்னொரு இடத்தில் 'யெஸ்' வாங்க அலைவது புத்திசாலித்தனம் ஆகாது.

எக்டேசியா வந்துவிட்டால் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் உதவாது, கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் தேவைப்படலாம். தூசி பறக்கும் லைனில் எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம்! பிதுக்கம் மேலும் போகாமல் தடுக்க, ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு புற ஊதாக் கதிர் செலுத்தும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை இருக்கிறது. தானமாகப் பெற்ற கருவிழித் திசுவை வளையத் துண்டாக்கி உள்ளே வைக்கும் 'கெய்ர்ஸ்' முறையை உருவாக்கியவர் சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப். ஆனாலும் இவை சேதத்தைக் குறைக்கும் வழிகள். பழைய கருவிழி திரும்பி வராது.

மூடி வெட்டாத பிஆர்கே, சிறு துளை வழியாகத் திசுவை எடுக்கும் ஸ்மைல் ஆகியவை முன்பக்க இழைகளை லேசிக் அளவுக்கு வெட்டுவதில்லை. அவற்றிலும் எக்டேசியா பதிவாகியிருக்கிறது என்பதால், அதே சோதனைகள் அவற்றுக்கும் தேவை.

வேலையைச் சொல்லுங்கள்

கலந்தாலோசனையின்போது என்ன வேலை என்பதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்வது அவசியம். லேசிக் மூடி, அடிபட்டால் பல ஆண்டுகள் கழித்தும் விலகிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. ஏசி ஓடும் அசெம்பிளி ஹாலில் கண் வறட்சியும் கூடுதலாகத் தெரியும். எஃப்டிஏ ஆய்வில், முன்பு வறட்சி இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை மூன்றாவது மாதத்தில் வறட்சி அறிகுறிகளைச் சொன்னார்கள். கண்ணாடி போனதே என்று சேஃப்டி கண்ணாடியையும் கழற்றிவிடக் கூடாது.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் சோதனைக்கு முன், மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வரைபடம் தப்பாக வரும். சிகிச்சைக்கு முந்தைய அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் வேண்டும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், குளுக்கோமா சோதனையிலும், வயதான பிறகு கண்புரைக்கு லென்ஸ் பவர் கணக்கிடும்போதும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.